பிள்ளை பெற்ற வீட்டில் யார் துணி துவைக்கிறார்கள்?

பிரசவ லேகியத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிண்டிய அந்த உருண்டை இல்லாவிட்டால் பச்சை உடம்பு தேறாது என்பது ஒரு கட்சி. அதில் ஒன்றுமில்லை, மருத்துவர் எழுதித்தந்த இரும்புச்சத்து மாத்திரை போதும் என்பது மற்றது. இரண்டு தரப்புமே உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் பேசுகின்றன. அடுப்படியில் நின்று அதைக் கிண்டியது யார் என்று எந்தத் தரப்பும் கேட்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்காக ஒருத்தி இடித்து, சலித்து, கை வலிக்கக் கிண்டி எடுத்திருக்கிறாள். அதே வீட்டில் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் பால்சுறாப் புட்டும் தனியாக, காரம் பார்த்து, நேரத்துக்குச் செய்யப்பட்டன. குழந்தைக்கும் தாய்க்கும் தண்ணீர் ஊற்ற ஒருத்தி, சாம்பிராணி போட ஒருத்தி, தூளியை ஆட்ட ஒருத்தி. பத்தியம் உடம்பைத் தேற்றியதா, பத்தியத்தின் பெயரால் கூடிய ஆட்கள் தேற்றினார்களா என்று கேட்டால், நான் இரண்டாவதன் பக்கம். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். பழைய ஏற்பாட்டில் விதிகளும் ஆட்களும் சேர்ந்தே இருந்தன. நம் காலத்தில் ஆட்கள் போய்விட்டார்கள், விதிகள் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

முதலில் வேலையின் அளவைப் பார்ப்போம், ஏனென்றால் அதைக் கூட்டிப் பார்க்காதவர்களே அதிகம். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி என்று வைத்தால், பத்துத் தடவைக்கு ஐந்து மணி நேரம். இது பால் கொடுப்பது மட்டும். ஒவ்வொரு முறையும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், மறுபடி தூங்கவைக்க வேண்டும். துணி கட்டும் வீட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது துணி சேர்வது சர்வசாதாரணம். மூத்திரத் துணி வேறு, பீத்துணி வேறு, பால் கக்கிய துணி வேறு, அப்புறம் தாயின் துணி. குழந்தை மொத்தத்தில் நிறையத்தான் தூங்குகிறது. நாளில் 14 முதல் 17 மணி நேரம். ஆனால் இரண்டு, மூன்று மணி நேரத் துண்டுகளாக. இரவு, பகல் என்ற வேறுபாடு அதன் உடம்பில் படிய இரண்டு, மூன்று மாதமாவது ஆகும். அதுவரை அதற்கு நள்ளிரவும் நண்பகலும் ஒன்றுதான். இதெல்லாம் குழந்தை நன்றாக, நோயில்லாமல் இருக்கும்போதுள்ள கணக்கு. இரண்டு பேர் முழு நேரம் செய்தாலும் மீதி இருக்கிற வேலை இது. பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருத்தி செய்கிறாள், அதுவும் உடம்பு ஆறாத நிலையில்.

அந்த உடம்பின் நிலையையும் சொல்லவேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று. வயிற்றைத் திறந்து செய்கிற பெரிய அறுவைச் சிகிச்சை அது. குடல்வாலுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு ஆண் வீடு திரும்பினால் அவரை எப்படி நடத்துவோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்லிக்ஸ் வரும், சாத்துக்குடி வரும், ஆபீசுக்கு லீவு சொல்லியாகிவிடும், மூன்று வாரத்துக்குக் காய்கறிப் பைகூடத் தூக்க விடமாட்டார்கள். அதைவிடப் பெரிய தையலோடு வருகிறவளிடம் மூன்று கிலோ குழந்தையைக் கொடுத்து, இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு தரம் குனிந்து எடுக்கச் சொல்கிறோம். சிசேரியன் இன்று இவ்வளவு சகஜமாகிவிட்டதால் அது அறுவைச் சிகிச்சை என்பதே மறந்துபோகிறது.

பழைய ஏற்பாட்டில் இந்த ஓய்வு எங்கிருந்து வந்தது? பாதி தீட்டிலிருந்து வந்தது என்பதுதான் சங்கடமான உண்மை. பிள்ளை பெற்றவள் பதினொரு நாளோ, பதினாறு நாளோ, சில வீடுகளில் ஒரு மாதமோ அடுக்களைப் பக்கம் வரக்கூடாது. முஸ்லிம் வீடுகளில் நாற்பது நாள் கணக்கு. ரத்தம் அசுத்தம் என்ற எண்ணம் ஒரு பெண்ணை அவமானப்படுத்துவது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த அவமானத்தின் மறுபக்கத்தில் அவளுக்கு ஒரு விடுப்பு கிடைத்தது. அவள் சமைத்தால் யாரும் சாப்பிடமாட்டார்கள், அதனால் வேறொருத்தி சமைத்தாள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தீட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பூஜை அறைக்குள் போகக்கூடாது, அடுக்களைக்குள் போகலாம். விளக்கேற்றக்கூடாது, குக்கர் வைக்கலாம். அவமானத்தை வைத்துக்கொண்டு விடுப்பை எடுத்துக்கொண்டோம். பகல் தூக்கத்துக்கும் இதே கதைதான். பிள்ளை பெற்றவள் பகலில் தூங்கினால் உடம்பு ஊதும், நீர் கோத்துக்கொள்ளும் என்று இன்றும் பல வீடுகளில் எழுப்பி உட்காரவைக்கிறார்கள். இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிகளும் ஒரு அத்தையும் இருந்த வீட்டில் அந்த விதி பெரிய சேதம் செய்திருக்காது. இரவு முழுவதும் தனியாக விழித்தவளிடம் அதே விதியைச் சொல்வது கொடுமை.

இந்த இடத்தில் யாராவது, 'அப்படியானால் கூட்டுக்குடும்பத்துக்கே திரும்பிவிடலாமே' என்று பெருமூச்சு விடக்கூடும். வேண்டாம். அந்தக் கைகள் யாருடையவை என்று பார்த்தால் பெருமூச்சு நின்றுவிடும். ஊர்ப்புறத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலப் பெண். பிரசவத் துணியையும் தீட்டுத் துணியையும் துவைத்தவர்கள் வண்ணார் குலப் பெண்கள். மாத்துத் துணி கொண்டுவந்து கொடுத்து, அழுக்கை எடுத்துப்போனவர்கள். கூலியாகக் கிடைத்தது கொஞ்சம் தானியமும் மிஞ்சிய சோறும். எந்தத் துணியைத் தொட்டால் வீட்டார்க்குத் தீட்டோ, அதைத் துவைப்பதே இன்னொருத்திக்குப் பிறப்பால் விதித்த தொழில். அவள் பிள்ளை பெற்றபோது அவளுக்கு யார் துவைத்தார்கள் என்று எந்தப் பாட்டியும் கதை சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயும் விதவையான அத்தை, கல்யாணமாகாத நாத்தனார், வாழாமல் திரும்பி வந்தவள் என்று போக்கிடம் இல்லாத பெண்களின் உழைப்பில்தான் பாதி ஓடியது. அந்தப் பெண்கள் இன்று வேறு வேலைக்குப் போனது நல்லது. ஆகவே இழந்ததற்காக அழ எனக்கு உத்தேசமில்லை. நான் சொல்வது, வேலை எங்கும் போகவில்லை என்பது. இருபது துணியும் அப்படியே இருபது துணிதான். முன்பு ஐந்தாறு பேரிடம் பரவியிருந்தது ஒருத்தியின் தலையில் வந்து நிற்கிறது, வாஷிங்மெஷின் துணையோடு. மெஷின் பீத்துணியை அலசிப் போட்டுத் தராது, ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் போடவும் போடாது.

உதவிக்கு ஆள் இல்லாதது வெறும் களைப்பா, அதற்கு மேலே ஏதாவதா? இதற்கு நம் ஊரிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமப் பகுதி ஒன்றில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவத்துக்கு 6 முதல் 12 வாரம் கழித்தும் பெண்களைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் உளவியல் மருத்துவ இதழில் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 11 சதவீதம், அதாவது ஒன்பது பேரில் ஒருவர். எது எது அதோடு சேர்ந்து வந்தது என்று பார்த்தார்கள். வறுமை, மகன் வேண்டுமென்று இருந்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள். இவற்றோடு ஒரே வரிசையில், உடல் உழைப்பில் உதவ ஆள் இல்லாமை. ஆறுதல் சொல்ல ஆள் இல்லாதது இல்லை, கவனியுங்கள். தூக்க, துவைக்க, சமைக்க ஆள் இல்லாதது.

இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான மறுப்பு உண்டு, அதை ஒதுக்கக்கூடாது. மனம் சோர்ந்திருப்பவளுக்கு எல்லாமே குறையாகத்தானே தெரியும், அதனால் 'எனக்கு யாரும் உதவவில்லை' என்று சொல்லியிருப்பாள், காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டதோ என்று கேட்கலாம். ஒரே ஒரு ஆய்வை வைத்து அதை முழுக்க மறுக்க முடியாது. ஆனால் மற்றக் காரணங்களைப் பாருங்கள். வறுமையை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. மாமியார் உறவு வருடக்கணக்கில் விளைந்தது. மகன் மோகம் தலைமுறைக் கணக்கு. பட்டியலிலேயே நாளைக் காலையில் மாற்றக்கூடியது துணி துவைக்க ஒரு ஆள் என்பது ஒன்றுதான். அது மனச்சோர்வைத் தடுக்காது என்றே வைத்துக்கொண்டாலும் துணியாவது துவைத்தாகிவிடும். (முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உள்ளது, தானாகச் சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம், மந்திரிக்கிற விஷயமில்லை.)

அடுத்த மறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது. 'அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றோம், எங்களுக்கு யார் செய்தார்கள்?' பாதிப் பதிலை மேலே சொல்லிவிட்டேன். செய்தவர்கள் இருந்தார்கள், அவர்களை ஆளாகவே எண்ணாததால் நினைவில் இல்லை. மீதிப் பாதி கசப்பானது. 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2023-ல் அது 25. தமிழ்நாட்டில் இன்னும் குறைவு. பத்துப் பெற்றவர்கள் பத்தையும் வளர்க்கவில்லை, போன பிள்ளைகளை எண்ணாமல் விட்டுவிடுவது வழக்கம். அப்படி வளர்ந்ததிலும் மூத்த பெண்பிள்ளையின் இடுப்பில்தான் தம்பி தங்கைகள் வளர்ந்தார்கள், அவள் படிப்பு அதோடு நின்றது.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம், அப்பாவுக்கு. 'ஆண் என்ன செய்ய முடியும், பாலா கொடுக்க முடியும்?' இது மறுப்பு மாதிரித் தெரியும், உண்மையில் கணக்குப் பிழை. பால் கொடுப்பது ஐந்து மணி நேரம் என்று பார்த்தோம். மீதி 19 மணி நேரத்தில் தாயின் மார்பு தேவைப்படுகிற வேலை எதுவுமில்லை. ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, குளிப்பாட்ட, துவைக்க, தூளி கட்டி ஆட்ட, சமைக்க, அவள் பால் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைக்க எந்த ஆணாலும் முடியும். எடை குறைந்து பிறந்த குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில் தொடங்கியது. தாயால் முடியாத நேரத்தில் அதை அப்பா செய்யலாம், செய்கிறார்கள், குழந்தையின் உடல் சூடு அப்பாவின் மார்பிலும் நிலைக்கிறது. ஆகச் சின்ன குழந்தையே அப்பாவிடம் இருக்குமானால், மூன்று கிலோ குழந்தை இருக்காதா? இரவிலும் ஒரு வழி உண்டு. பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை அடுத்த கைக்கு மாற்றிவிட்டு அவள் படுத்துவிடுவது. ஏப்பம், துணி, தூங்கவைத்தல் மூன்றும் மற்றவர் பாடு. முடிந்தால் பீய்ச்சி எடுத்த பாலை வைத்து ஒரு வேளையை முழுதாக அவரே பார்த்துக்கொள்ளலாம். 25 டிகிரி வரை உள்ள அறையில் அந்தப் பால் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். நம் ஊர் மே மாதத்தில் 25 டிகிரிக்கு எங்கே போவது, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இப்படித் தொடர்ச்சியாக நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் மறுநாள் அவள் வேறு ஆளாக எழுவாள்.

அப்பாக்களுக்குத் தெரியாதே என்பார்கள். தெரியாதுதான். அம்மாவுக்கும் முதல் நாள் தெரியாது. துணி கட்டுவதும் கழுத்தைத் தாங்கிப் பிடிப்பதும் கைப்பழக்கம், செய்யச் செய்ய வருவது. இங்கேதான் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. மகளுக்கு அவள் அம்மாவின் கை கிடைப்பது பெரிய விஷயம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் செலவும் உழைப்பும் மொத்தமாகப் பெண் வீட்டின் மேல் விழுகிறது. முழங்கால் தேய்ந்த, அல்லது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஐம்பத்தைந்து வயது அம்மா இரவுகளில் விழிக்கிறார். அப்பாவோ ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. வருவார், போட்டோ எடுப்பார், மாமியார் செய்த கறியைச் சாப்பிடுவார், போவார். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் குழந்தை அவர் வீட்டுக்கு வரும்போது அம்மா தேர்ந்த கை, அப்பா புதுக் கை. அவர் தூக்கினால் குழந்தை அழும், 'உங்களுக்கு வராது, குடுங்க' என்று வாங்கிக்கொள்வாள், அதோடு அந்த வீட்டின் வேலைப் பிரிவினை இருபது வருடத்துக்கு முடிவாகிவிடும். அதன் மொத்த விளைவை 2024-ன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில் பார்க்கலாம். வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செய்கிறார்கள், ஆண்கள் 88. வேலையில் கொஞ்சமாவது பங்கெடுக்கிற ஆண்களின் சராசரி மட்டும்தான் அந்த 88. ஒன்றுமே செய்யாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பதும் ஒரு பதில்தான், முடிந்தவர்களுக்கு. நல்ல கூலியும் வார விடுமுறையும் கொடுத்தால் அது பழைய வண்ணாத்தி முறையைவிட ஆயிரம் மடங்கு கௌரவமானது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மா ஆறு மாத விசா முடிந்து திரும்புகிற வாரத்தில் மாமியார் விமானம் ஏறுகிறார். அத்தனை ஆயிரம் மைல் தாண்டி அவர்களை வரவழைப்பது அறிவுரைக்கு இல்லை, அது வீடியோ காலிலேயே கிடைக்கும். கைக்குத்தான் டிக்கெட். இதை எல்லோரும் மனசுக்குள் அறிந்தே வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அறிவுரையை நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இருபது துணியையும் துவைத்து உலர்த்திய பாட்டி, 'குல்லாவை இறக்கிப் போடு' என்றால் வாயை மூடிக்கொண்டு போடலாம், அவர் சம்பாதித்த உரிமை அது. சோபாவில் உட்கார்ந்து காபி கேட்டவர் சொல்வதற்கு அந்த மரியாதை வேண்டியதில்லை. துவைத்தவரே சொன்னாலும் சிலவற்றை விடக்கூடாது. ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் வைப்பது, ஆறு மாதத்துக்குள் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது ஆபத்தானவை, அதில் சமரசம் கிடையாது. மற்றபடி குழந்தையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஏழாவது பேபி செட்டுக்குப் பதில் ஒரு தூக்கில் ரசமும் ஒரு பொரியலும் கொண்டுபோங்கள். கொடியில் காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசி மறுப்பு நியாயமானது. 'அப்பாவுக்கு லீவு எங்கே இருக்கிறது?' 2017 திருத்தத்தில் தாயின் சம்பளத்துடனான விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். தனியார் துறை அப்பாவுக்கு விடுப்பைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. தினக்கூலிக்குப் போகும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்த வாரக் கணக்கு எதுவுமே பொருந்தாது. விடுப்பு முழுவதும் அம்மாவின் பெயரில் இருக்கும்வரை குழந்தை அம்மாவின் வேலை என்று சட்டமே சொல்கிறது, அதை மாற்றக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற கொஞ்சத்தையும் நாம் தப்பான வாரத்தில் செலவழிக்கிறோம். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் உண்டு, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தனியாரிலும் சில நிறுவனங்கள் ஐந்து நாளோ பத்து நாளோ தருகின்றன. பெரும்பாலோர் பிரசவ வாரத்திலேயே எடுத்துவிடுகிறார்கள், ஆஸ்பத்திரியில் நர்சுகளும் வீட்டில் இரண்டு பாட்டிகளும் இருக்கும்போது. மிச்சமிருந்தால் பெயர் சூட்டும் விழாவுக்குப் பந்தலும் சமையல்காரரும் பேச அது போகும். குழந்தை அதிகம் அழுவது ஆறாவது வாரத்தில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த வாரத்தில் நடுத்தரமான ஒரு குழந்தை நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் அழுதது, அதுவும் பெரும்பாலும் சாயங்காலத்தில். பாட்டிகள் ஊருக்குக் கிளம்புவதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால் மூன்றையும் அந்த வாரத்துக்கு வையுங்கள். விழாவுக்குச் சித்தப்பாக்கள் பந்தல் போட்டுக்கொள்வார்கள்.